காசு வந்தது, காரணம் வரவில்லை: ரோஸ் ஹில்லில் ஒரு பந்தயக் கடை

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. மொரிஷியஸில் ரோஸ் ஹில் ஊரில், ஒரு மருந்துக் கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த அடையாளத்துக்குப் பொருந்தும் பந்தயக் கடைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அதுவும் நல்லதுதான். நான் சொல்லப்போகும் குறை ஒரு கடையோடு முடிகிற குறை இல்லை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. சர்க்கரை ஆலை ஒன்றின் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குக் குதிரைகளைப் பற்றி அதிகம் தெரியாது. பந்தயம் கட்டுவது என் தாய்மாமா. அவருக்குக் கண் பார்வை மங்கிய பிறகு சீட்டை வாங்குவதும், தொகையைச் சரிபார்ப்பதும், காசை எண்ணுவதும் என் வேலையாயின. ஆகவே குதிரைப் பந்தயத்தை நான் பார்ப்பது கவுன்டரின் இந்தப் பக்கத்திலிருந்து, கையில் ஒரு பென்சிலோடு.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கடை சுத்தமாக இருக்கிறது. நான்கு கவுன்டர்கள்; மூன்றில் ஆள் இருப்பார்கள், நான்காவதில் எப்போதும் ஒரு குடை சாய்ந்திருக்கும். சுவர்த் திரைகளில் உள்ளூர்ப் பந்தயம் ஒரு பக்கம், தென்னாப்பிரிக்காவும் பிரான்ஸும் மறுபக்கம் ஓடுகின்றன. மின்விசிறிகள் சுழல்கின்றன. பெண்பிள்ளை ஏன் இங்கே வந்தாள் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் இளமைக் காலத்தில் இந்த மாதிரிக் கடைக்குள் கால் வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதுதான் பேச்சாக இருந்திருக்கும். கவுன்டரில் இருக்கும் இளைஞர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். மாமாவுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள். வாசலில் ஒருவர் தள்ளுவண்டியில் கத்தோ பிமா பொரித்துக் கொடுக்கிறார். நம் பருப்பு வடையின் சின்னத் தங்கைதான் அது. ஆனால் பச்சை மிளகாய் போடுவதில் இந்த மனிதருக்கு இரக்கமே கிடையாது. அவருக்கு ஐந்து நட்சத்திரம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சீட்டும் நன்றாக அச்சாகிறது. ரேஸ் எண், குதிரை எண், கட்டிய தொகை, கட்டிய நேரம், குதிரையின் அப்போதைய விலை (அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் எவ்வளவு லாபம் என்ற விகிதம்) எல்லாம் தெளிவாக இருக்கும். கணக்கு வேலை பார்த்த எனக்கு இது பெரிய ஆறுதல். நேரமும் விலையும் அச்சிட்ட சீட்டு கையில் இருந்தால் யாரோடும் வாதாடலாம் என்று நம்பியிருந்தேன்.

அன்று மாமா ஆறாவது ரேஸில் ஒரு குதிரையின் மேல் 500 ரூபாய் கட்டினார். ஐந்து 100 ரூபாய் நோட்டுகளாகக் கொடுத்தோம். தமிழகத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் அந்த நோட்டைக் காட்டாமல் விடுவதில்லை: அதில் இருக்கும் முகம் நம்மவர், மொரிஷியஸ் அரசியல் தலைவர் ரெங்கநாடன் சீனிவாசனுடையது. எங்கள் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழில் தொகை எழுதியிருக்கும். 1998இல் புது நோட்டு அச்சிட்டபோது இந்த வரிசையை மாற்றிவிட்டார்கள். தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் கிளம்பிக் கேள்வி கேட்டன. அரசாங்கம் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்று வேறு அச்சிட்டது. எழுத்தின் வரிசைக்காக அவ்வளவு பேர் கிளம்பிய தீவு இது. அதே நோட்டைப் பந்தயக் கடையில் நீட்டிவிட்டு வரும் நாங்கள், பாக்கி ஏன் குறைந்தது என்று கேட்கத் தயங்குகிறோம்.

மாமாவின் குதிரைக்கு விலை ஒன்றுக்கு நான்கு. அதாவது ஜெயித்தால் 2,000 ரூபாய் லாபம், கட்டிய 500 தனி. குதிரை ஜெயித்தது. மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான் சீட்டை நீட்டினேன். கைக்கு வந்தது 1,700 ரூபாய்.

காரணம் இருந்தது. ரேஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால், எல்லோரும் ஜெயிக்கும் என்று நினைத்த குதிரையைக் கால்நடை மருத்துவர் விலக்கிவிட்டார். பலசாலி ஒருவன் களத்தை விட்டுப் போனால் மற்றவர்களுக்கு வேலை எளிது. காலையிலேயே நல்ல விலைக்குக் கட்டியவர்களுக்கு அது எதிர்பாராத அதிர்ஷ்டம். ஆகவே அவர்களுடைய லாபத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது உலகமெங்கும் உள்ள வழக்கம். இது நியாயம்தான், எனக்கு அதில் வழக்கு இல்லை. எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு ஓர் அட்டவணை வேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனில் அதை நான்காம் விதி என்பார்கள். விலகிய குதிரையின் விலை ஒன்றுக்கு இரண்டாக இருந்திருந்தால் லாபத்தில் ஒரு பவுனுக்கு 30 பென்ஸ் பிடித்தம். விலை இறங்கி, இரண்டுக்கு மூன்றாக இருந்திருந்தால் 40 பென்ஸ். ஒன்றுக்கு பத்து மாதிரியான நோஞ்சான் குதிரை விலகினால் வெறும் 5 பென்ஸ். படித்தவர், படிக்காதவர் யாராக இருந்தாலும் சுவரில் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கடையில் எங்களிடம் பிடித்தது நூற்றுக்கு நாற்பது. நான் காலையில் குறித்து வைத்திருந்த விலைப்படி, விலகிய குதிரை ஒன்றுக்கு இரண்டு. பிரிட்டிஷ் அட்டவணையை வைத்துப் பார்த்தால் பிடித்தம் 600 ரூபாய்தான், 1,900 கைக்கு வந்திருக்க வேண்டும். “உங்கள் அட்டவணை எங்கே?” என்று கேட்டேன். இளைஞர் கணினித் திரையைக் காட்டினார். அதில் தொகை மட்டும் இருந்தது. “அட்டவணை?” என்றேன் மறுபடி. “கணினியே கழித்துக்கொள்ளும், மாதாம்” என்றார். “கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?” அவர் சிரித்தார். பாவம், அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாமா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். “வா, போகலாம். 200 ரூபாய்க்கு ஏன் மானத்தை வாங்குகிறாய்?” மாமாவின் தலைமுறைக்குப் பந்தயக் கடையில் கேள்வி கேட்பது வழக்கமில்லை. தோற்றால் ஜாக்கியைத் திட்டுவார்கள், ஜெயித்தால் சாமியைக் கும்பிடுவார்கள். நடுவில் கணக்கு என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுவார்கள்.

நான் மறக்கவில்லை. கடையின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்றே கேள்விகள்தான் அதில் இருந்தன: எந்த அட்டவணை, விலகிய குதிரையின் எந்த நேரத்து விலை, அந்த நேரத்தை யார் பதிவு செய்தது. பதில் வரவில்லை. சீட்டின் நகலை இணைத்து இன்னொரு கடிதம் எழுதினேன். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, கவுன்டர் இளைஞர் ஓர் உறையை நீட்டினார். உள்ளே 200 ரூபாய். ஒரு வரிக் கடிதம்கூட இல்லை. கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் “நல்லெண்ணத் தொகை” என்று இருந்தது.

மாமாவுக்கு மகிழ்ச்சி. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. கணக்கு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். கடை செய்தது சரியாகவே இருந்திருக்கலாம்: கடைசி நிமிடத்தில் அந்தக் குதிரையின் மேல் பணம் குவிந்து விலை இறங்கியிருந்தால் நாற்பதுதான் சரியான பிடித்தம். அப்படியானால் எனக்கு எதற்கு 200 ரூபாய்? வாயை அடைக்கவா? கடை செய்தது தவறு என்றால், அந்த ரேஸில் அதே குதிரையின் மேல் கட்டிய எல்லோருக்கும் அல்லவா பாக்கி போக வேண்டும்? கடிதம் எழுதத் தெரிந்தவளுக்கு மட்டும் காசு, மற்றவர்களுக்கு நாமம். எப்படிப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. காரணத்தை ஒரு வரி எழுதியிருந்தால் நான் 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக்கூட வந்திருப்பேன்.

இந்த ஊரில் பந்தயம் என்பது சும்மா பொழுதுபோக்கு இல்லை என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். போர்ட் லூயியில் இருக்கும் ஷாம்ப் த மார்ஸ் திடலுக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். 1812 ஜூன் 25 அன்று அங்கே முதல் பந்தயம் நடந்தது. தென் அரைக்கோளத்தின் மிகப் பழைய குதிரைப் பந்தயத் திடல் அதுதான். ஆங்கிலேயர்கள் 1810இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பறித்துக்கொண்ட பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பிரெஞ்சு முதலாளிகளோடு பழக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. எட்வர்ட் டிரேப்பர் என்ற கர்னல் மொரிஷியஸ் டர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். சுற்றிலும் மலை, மேலே கோட்டை, நடுவில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் சிலை. ஒரு சுற்று சுமார் 1,300 மீட்டர்தான். ஓடுபாதை குறுகல், வளைவுகள் இறுக்கம். நடுத்திடலில் நிற்கக் காசு கிடையாது. சனிக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து டோல் பூரி வாங்கித் தின்றுகொண்டு, அலூடா குடித்துக்கொண்டு நிற்பார்கள். 1968 மார்ச் 12 அன்று எங்கள் நாட்டுக் கொடி முதன்முதலாக ஏறியதும் அந்தத் திடலில்தான். என் அம்மா அன்று அங்கே இருந்தார். செருப்பு ஒன்று தொலைந்துபோன கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட திடலில் பந்தயத்தை யார் நடத்துவது, யார் விதி செய்வது, தவறு நடந்தால் யார் விசாரிப்பது? இருநூறு ஆண்டுகள் இந்த மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான்: கிளப். குதிரை வைத்திருப்பவர்களும் அவர்களுடைய நண்பர்களும் கூடித் தேர்ந்தெடுத்த கிளப். பிறகு 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. பந்தயத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்ற பேச்சு வலுத்தபோது அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. பிரிட்டனிலிருந்து வந்த ரிச்சர்ட் பாரி தலைமையிலான அந்தக் குழு 2015இல் அறிக்கை கொடுத்தது. பந்தயம் நடத்துகிறவரே பந்தயத்துக்கு நீதிபதியாகவும் இருக்கக்கூடாது, அதற்குத் தனியான சுதந்திர அமைப்பு வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் ஆணையத்துக்குள்ளேயே குதிரைப் பந்தயப் பிரிவு ஒன்று அமைந்தது. 2022இல் பீப்பிள்ஸ் டர்ஃப் என்ற புதிய நிறுவனம் பந்தயம் நடத்த வந்தது. 2023 பருவத்தில் பழைய கிளப் பந்தயம் நடத்தவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எழுத இங்கே இடமில்லை. எழுதினால் என் வீட்டிலேயே இரண்டு கட்சி. மாமா பழைய கிளப்பின் ஆள். என் கணவருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பழைய முதலாளிகளின் நினைவு வரும். ஆனால் இருவரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. கிளப் போய் நிறுவனம் வந்தாலும், நிறுவனம் போய் கிளப் வந்தாலும், கவுன்டரின் இந்தப் பக்கம் நிற்பவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எங்கே எழுதியிருக்கிறது? தேர்தல் முடிந்ததும் பந்தயத் திடலின் சாவி யார் கைக்குப் போகும் என்று எங்கள் ஊரில் டீக்கடை வரை பேசுகிறார்கள். அப்படிப் பேச முடிகிறது என்பதே நிர்வாகம் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்பதற்குச் சான்று. நீதிமன்ற நீதிபதியைப் பற்றி அப்படி யாரும் பந்தயம் கட்டுவதில்லை.

அமைப்பைப் பிரித்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் 1750இல் தொடங்கிய ஜாக்கி கிளப் இரண்டரை நூற்றாண்டு காலம் தானே எல்லாமாக இருந்துவிட்டு, 2006இல் விதிகளையும் விசாரணையையும் கையை விட்டது. அடுத்த ஆண்டு முதல் பிரிட்டிஷ் ஹார்ஸ்ரேசிங் ஆணையம் அதைப் பார்க்கிறது. நல்லது. ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது வேறொன்று. பந்தயக் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் தகராறு வந்தால் கேட்பதற்கு 1998 முதல் சுதந்திரமான தீர்ப்புச் சேவை ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கட்டணம் கிடையாது. என் 200 ரூபாய் மாதிரி வழக்குகள்தான் அவர்களுக்குத் தினசரி வேலை.

ஹாங்காங்கில் நேர் எதிர். 1884இல் பிறந்த ஜாக்கி கிளப் ஒன்றே பந்தயம் நடத்துகிறது, பந்தயப் பணமும் வாங்குகிறது, ஜாக்கிகளுக்குத் தண்டனையும் கொடுக்கிறது. லாபம் பங்குதாரர்களுக்குப் போகாது என்பது ஒரு வித்தியாசம். இன்னொன்று இதைவிட முக்கியம்: ஒவ்வொரு ரேஸிலும் என்ன நடந்தது, எந்தக் குதிரை இடிபட்டது, எந்த ஜாக்கி என்ன விளக்கம் சொன்னார், எந்தக் குதிரைக்கு எந்தத் தேதியில் மருத்துவர் என்ன கண்டார், காலைப் பயிற்சியில் எப்படி ஓடியது என்பதுவரை பொதுவில் வைத்துவிடுகிறார்கள். பந்தயம் கட்டுகிறவர் கட்டுவதற்கு முன்பே குதிரையின் நோய்க் கணக்கைப் படிக்கலாம். அதிகாரம் ஒரே கையில் இருந்தாலும் ஏட்டை எல்லோரும் புரட்டிப் பார்க்க முடிகிறது. தனி அமைப்பு, திறந்த ஏடு என்ற இரண்டில் எதையாவது ஒன்றைத்தான் கொடுப்பார்கள் என்றால் நான் ஏட்டைத்தான் கேட்பேன்.

எங்கள் திடலில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலிலோ விமானத்திலோ வந்தவை. அங்கே அவை டர்பனிலும் ஜொகன்னஸ்பர்க்கிலும் ஓடிய காலத்து ஸ்டூவர்டு (பந்தயத்தை மேற்பார்த்து விசாரிக்கும் அதிகாரி) அறிக்கைகளை மாமாவுக்கு நான் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்த அறிக்கைகளிலும் சரி, உலகத்தில் ஆங்கிலம் பேசும் எந்த நாட்டின் பந்தய அறிக்கையிலும் சரி, ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: ஜாக்கியின் விளக்கம் குறித்துக்கொள்ளப்பட்டது. குறித்துக்கொண்டீர்கள், சரி. நம்பினீர்களா, நம்பவில்லையா? குதிரை ஏன் கடைசி 300 மீட்டரில் நின்றுபோனது? எங்கள் ஆலையில் கணக்குத் தணிக்கை வந்தபோது, கரும்பு எடை 2 டன் குறைந்ததற்கு “குறித்துக்கொள்ளப்பட்டது” என்று நான் எழுதியிருந்தால் அன்றே வேலை போயிருக்கும்.

சென்னை வாசகர்கள் இதையெல்லாம் தூரத்துக் கதையாக எண்ண வேண்டாம். கிண்டியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பந்தயமும் அதில் பணம் கட்டுவதும் வேண்டாம் என்று தமிழக அரசு 1974இல் சட்டம் போட்டது. 1986இல் அங்கே பந்தயம் நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு, வெறும் சூதாட்டம் இல்லை என்று 1996இல் தீர்ப்பாயிற்று. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கர் நிலத்துக்குப் பூட்டுப் போட்டது. வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாய் என்றார்கள். 1945இல் 99 ஆண்டுகளுக்குக் கொடுத்த குத்தகை அது. ஐம்பது ஆண்டுகளாக அரசும் கிளப்பும் நிலத்துக்கும் தடைக்கும் சண்டை போட்டார்கள். அவ்வளவு காலத்தில், அங்கே 50 ரூபாய் கட்டித் தோற்ற மனிதருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது பற்றி ஒரு வழக்காவது பெரிதாகப் பேசப்பட்டதா? எனக்கு நினைவில்லை. திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று நீதிமன்றமே சொன்ன பிறகு, அந்தத் திறமை எப்படிக் காட்டப்பட்டது என்று கேட்கும் உரிமை பணம் கட்டியவருக்குத்தானே முதலில் இருக்க வேண்டும்?

சரி, கடைக்குத் திரும்புகிறேன். உறை கிடைத்த பிறகு நானும் கடைக்கு வழக்கமாக வருகிற சிலரும் சேர்ந்து ஒரு பக்க மனு எழுதினோம். எழுதி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமா சந்தேகத்துக்குரிய ஜாக்கிகளை ஜெயிலில் போட வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் பந்தய வரியைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்றார். ஒரு பெரியவர் மைதானத்தில் அலூடாவின் விலையையும் மனுவில் போடலாமே என்றார், உண்மையாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும் அடித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான். பிடித்தத்துக்கான அட்டவணை ஒவ்வொரு பந்தயக் கடையிலும் கிரியோலிலும் ஆங்கிலத்திலும் சுவரில் இருக்க வேண்டும். குதிரை விலகிய நேரத்தையும் அப்போதைய விலையையும் கடை சொல்லக்கூடாது, பந்தயத்தைக் கண்காணிக்கும் அமைப்பு அன்றே வெளியிட வேண்டும். ஸ்டூவர்டுகள் தண்டித்தாலும் விட்டாலும் ஏன் என்று எழுத வேண்டும். மேல்முறையீட்டைக் கேட்கிறவர் குதிரை முதலாளியாகவோ, பந்தய உரிமம் பெற்றவராகவோ, அமைச்சர் நினைத்தால் மாற்றக்கூடியவராகவோ இருக்கக்கூடாது.

கடைசி வரிக்குத்தான் அதிகச் சண்டை. “அமைச்சர் இல்லாமல் யார் நியமிப்பது? வானத்திலிருந்து வருவாரா?” என்று பஸ் டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நியமித்து, நடுவில் நீக்க முடியாதபடி சட்டத்தில் எழுதலாம் என்றேன். அவருக்குப் பாதி நம்பிக்கைதான் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். கடைக்கு வருகிறவர்களில் சிலர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அவர்களுடைய மனைவிக்குத் தெரியாமல் வருகிறார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மனுவின் நகல் ஒன்றைக் கடை மேலாளரிடம் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார். சுவரில் அட்டவணை ஒட்ட அவருக்கே ஆசைதான், தலைமை அலுவலகம் அச்சிட்டு அனுப்ப வேண்டும் என்றார். நானே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருகிறேன் என்றேன். அது அதிகாரபூர்வமாகாது என்றார். அதுவும் சரிதான்.

பந்தயக் கடையைப் பற்றி எழுதிவிட்டுப் பந்தயம் கட்டாதீர்கள் என்று சொல்வது போலித்தனம்; ஆனாலும் ஒரு வார்த்தை. எங்கள் தீவில் சம்பளம் வந்த சனிக்கிழமையில் வீட்டுக்குப் போகாத பணத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு வைத்திருக்கிறேன். அதற்கு மேல் நான் சீட்டு வாங்க மாட்டேன். கோபப்படுவார். படட்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பந்தயத்தைப் பார்க்க மட்டும் ஆசை என்றால் கடைக்கே வர வேண்டாம். சனிக்கிழமை மெட்ரோ பிடித்துப் போர்ட் லூயிக்குப் போய், ஷாம்ப் த மார்ஸ் நடுத்திடலில் நில்லுங்கள். தொப்பி கட்டாயம். குதிரைகள் வளைவில் திரும்பும் இடத்தில் நின்றால் மண் தெறிப்பதுகூடத் தெரியும். ரோஸ் ஹில் கடையில் கட்டியே தீருவேன் என்றால், சீட்டு வாங்கும்போது எல்லாக் குதிரைகளின் விலையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஏதாவது குதிரை விலகினால், விலகிய நேரத்தைத் திரையைப் பார்த்து எழுதிவையுங்கள். சீட்டைக் கொடுத்துக் காசு வாங்குவதற்கு முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டைத் திரும்பத் தர மாட்டார்கள். கூட்டம் குறைவான நேரம் முதல் ரேஸுக்கு முன்னால். குடை சாய்ந்திருக்கும் கவுன்டரில் நிற்காதீர்கள், அங்கே யாரும் வரப்போவதில்லை.

வாசலில் கத்தோ பிமாவுக்கு ஐந்து. கவுன்டர் இளைஞர்களுக்கு நான்கு. கடைக்கு இரண்டு. சுவரில் அட்டவணை ஒட்டிய அன்று அதை மூன்றாக்குகிறேன். அந்த ஆறாவது ரேஸில் கட்டிய மற்றவர்களுக்கும் என்ன கணக்கு என்று எழுதிச் சொன்னால் நான்கு.